'இஸ்கூல்' என்ற சொல்லும் எமது சிரிப்பும்

எமது பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களில் ஆண்டுதோறும் ஒரு சிரிப்பு எழுகின்றது. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்து ஆங்கிலத்தில் இரண்டொரு வாக்கியம் பேச முற்படுகின்றார். 'ஸ்கூல்' என்பது அவர் வாயில் 'இஸ்கூல்' என்றும், 'ஃபேக்டரி' என்பது 'பேக்டரி' என்றும் வருகின்றன. பின்வரிசையில் சிரிப்புக் கேட்கின்றது. பேசியவர் அமர்ந்துவிடுகின்றார், அந்த ஆண்டு முழுவதும் பிறகு அவர் வாய் திறப்பது அரிது. பேசியவர் பெரும்பாலும் மலையகத்தவர் என்பதும், சிரிப்பவருட் பலர் அவரைப் போலவே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்பதும் இக்கட்டுரை எழுதப்படுவதற்கான காரணங்களாகும்.

நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இங்கு வந்த கலைப்பீட மாணவன் என்ற முறையில் நான் கூற விழைவது ஒன்றே. மலையகத் தமிழர் பேசும் ஆங்கிலத்தில் நாம் 'பிழை' எனக் கண்டு நகைப்பவற்றுட் பெரும்பாலானவை தமிழின் இலக்கணம் ஆங்கிலத்தினுள் தொழிற்படுவதன் விளைவுகள். அவை ஒழுங்குடையவை, விளக்கக் கூடியவை. அவற்றைக் கேட்டு எழும் சிரிப்போ மொழியறிவிற் பிறந்ததன்று. அது பேசுபவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கண்டுகொண்டதனாற் பிறந்த சிரிப்பு.

முதலில் 'இஸ்கூல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச்சொல் எதுவும் மெய்யெழுத்தைக் கொண்டு தொடங்குவதில்லை. இரு மெய்கள் இணைந்து தொடங்குவதென்பது அறவே இல்லை. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை, இறுதியில் வரும் எழுத்துகள் எவை எனத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. அயன்மொழிச் சொற்கள் தமிழுக்குள் வரும்போது முன்னே ஓர் உயிரைத் துணையாகக் கொண்டு வருதலையும், மெய்ம்மயக்கம் உயிரொன்றாற் பிரிக்கப்படுதலையும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் நன்னூலில் விதியாகவே கூறியுள்ளார். இராமன், இலக்குவன், உலோகம் என நாம் எழுதும் சொற்களெல்லாம் இவ்விதியின் வழிப்பட்டவை. கம்பனின் காவியத் தலைவனுக்கு முன்னே இகரம் சேர்த்தால் அது தமிழ் மரபு. தோட்டத்துப் பிள்ளை 'ஸ்கூலு'க்கு முன்னே அதே இகரத்தைச் சேர்த்தால் அது அறியாமையா?

இகரம் சேர்ப்போர் நாம் மட்டுமல்லர். சிங்களத்திற் பாடசாலையை 'இஸ்கோலய' என்பர். ஸ்பானிய மொழியில் அது 'எஸ்குவேலா'. மட்றிட் நகரிலே அகராதியில் ஏறி அமர்ந்திருக்கும் முன்னுயிர் ஹட்டனிலே நகைப்புக்கு இடமாகின்றது. சொல்லின் இறுதியிலும் இவ்வாறே. வல்லின மெய்யில் ஒரு தமிழ்ச்சொல் முடிவதில்லை. எனவே 'கேக்' 'கேக்கு' ஆகின்றது. 'ரோட்' 'ரோட்டு' ஆகின்றது. இது நாம் பாடசாலையிற் படித்த குற்றியலுகரமன்றி வேறில்லை. யப்பானியரும் 'கேக்' என்பதைக் 'கேக்கி' என்றே சொல்லுகின்றனர். அவரைக் கேட்டு எவரும் சிரிப்பதாக நாம் அறியோம்.

இவ்விடத்திற் பாரசீகத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் ஆங்கிலப் பேச்சை ஒப்பிட்டு நோக்குதல் பெரிதும் பயன் தரும். ஈரான் எமக்கு அந்நியமான நாடன்று. எமது தாய்மார் கொய்யும் கொழுந்தை நெடுங்காலமாக வாங்கி வரும் நாடு அது. எரிபொருட் கடனுக்கு ஈடாகத் தேயிலை அனுப்புவதற்கு 2021இல் இலங்கை அதனோடு உடன்படிக்கையும் செய்துகொண்டது. அங்கே தேநீர் அருந்தும் சிறு கண்ணாடிக் குவளைக்கு 'எஸ்தெகான்' என்று பெயர். ருசிய மொழியின் 'ஸ்தகான்' என்ற சொல்லே பாரசீகத்தில் முன்னுயிர் பெற்று அவ்வாறாயிற்று. பாரசீகமும் தமிழைப் போலவே சொல்லின் முதலில் இரு மெய்களை ஏற்பதில்லை. எனவே தெஹ்ரான் மாணவர் ஆங்கிலம் பேசுகையில் 'எஸ்கூல்' என்பார். நோட்டன் பிரிட்ஜ் மாணவர் 'இஸ்கூல்' என்பார். ஒருவரையொருவர் கண்டறியாத இருவர் ஒரே வகையிற் பேசுவதற்குக் காரணம் சோம்பலாகவோ மந்தபுத்தியாகவோ இருத்தல் இயலாது.

இவ்விருவரும் வேறுபடும் இடங்கள் இன்னும் முக்கியமானவை. பாரசீகத்தில் 'ஃ' என்ற உதட்டுப்பல் ஒலி உண்டு. ஆகையால் ஈரானியர் 'ஃபேக்டரி' என்பதைத் தடையின்றிச் சொல்லிவிடுவார். அவ்வொலி தமிழில் இல்லை. எனவே எம்மவர் 'பேக்டரி' என்பர். மறுபுறத்தில், இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையே தமிழில் உள்ளது போன்ற குறில் நெடில் வேறுபாடு இன்றைய பாரசீகத்தில் இல்லை. ஆகவே கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்ற சொல்லும் செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்ற சொல்லும் ஈரானியர் பலரின் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே மயக்கம் இல்லை. 'கல்', 'கால்' என்று படித்த நாள் முதல் குறிலையும் நெடிலையும் பிரித்தறியும் செவி அதற்கு வாய்த்துவிட்டது. அறிவு குறைந்தவர் எல்லா இடங்களிலும் தடுமாறுவர். இங்கோ ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழி இடறச் செய்யும் இடத்திலேயே இடறுகின்றனர். தாய்மொழி கைகொடுக்கும் இடத்தில் நேராக நடக்கின்றனர். தாய்மொழியின் தொழிற்பாட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒலியை விட்டு வாக்கியத்துக்கு வருவோம். எம்மவர் உரையாடலில் 'நான்' என்ற எழுவாயை விட்டுவிட்டு 'கேம் எஸ்டர்டே' என்று சொல்லுவதுண்டு. 'வந்தேன்' என்ற தமிழ் வினைமுற்றுத் தன்மையையும் ஒருமையையும் தன்னுள்ளே கொண்டது. எழுவாய் தனியே வேண்டுவதில்லை. பாரசீகத்தின் 'ஆமதம்' என்ற சொல்லும் அவ்வாறே 'வந்தேன்' எனத் தனித்து நின்று பொருள் தரும். ஆங்கில வினைக்கு அந்த விகுதி இல்லை. விகுதியோடு பழகியவர் எழுவாயை மறத்தல் இயல்பு. 'இன்றுதான்' என்று அழுத்திச் சொல்ல விரும்புபவர் 'டுடே ஒன்லி' என்கின்றார். தமிழின் 'தான்' அங்கே ஆங்கில உடை அணிந்து நிற்கின்றது. 'சின்னச் சின்ன வேலைகள்' என்பதை நினைந்து 'ஸ்மோல் ஸ்மோல் வேர்க்ஸ்' என்கின்றார். அடுக்கிச் சொல்லிப் பன்மையையும் பரவலையும் காட்டும் தமிழ் மரபு அது.

எம்மவரிற் பலர் ஆசிரியரைப் பற்றி ஆங்கிலத்திற் பேசும்போது 'ஹீ' என்ற சொல்லைத் தவிர்த்து, வாக்கியந்தோறும் 'சேர் டோல்ட்', 'சேர் கேம்' என்றே சொல்லிச் செல்வதைக் கவனித்திருப்பீர்கள். இதுவும் நகைப்புக்கு உள்ளாவதுண்டு. ஆனால் 'அவன்', 'அவர்' என்ற வேறுபாட்டில் வளர்ந்த ஒருவருக்கு, அவ்வேறுபாடற்ற 'ஹீ' என்ற சொல்லால் ஆசிரியரைச் சுட்டுதல் அவரை 'அவன்' என்பது போலவே தோன்றுகின்றது. வாய் கூசுகின்றது. விடைபெறும் போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று அவர் சொல்வதும் அத்தகையதே. 'போகிறேன்' என்று சொல்லிப் பிரிதல் அமங்கலம். 'போய்ட்டு வாறேன்' என்பதே பண்பு. ஈரானியர் நன்றி கூறும்போது 'உங்கள் கை நோகாதிருக்கட்டும்' என்ற பொருள்படப் பாரசீகத்திற் கூறுவர். அப்பண்பு ஆங்கிலத்திலும் அவர் நாவில் வந்து நிற்கும். உரையாடல் என்பது செய்தி பரிமாறும் கருவி மட்டுமன்று. ஒருவர் மற்றவருக்கு அளிக்கும் மதிப்பும் அதனுள் அடங்கும். அம்மதிப்பை எப்படி அளிப்பதெனத் தாய் மடியில் நாம் கற்றுக்கொண்டது தமிழில்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒரு மொழியைப் பேசுவோர் மற்றொரு மொழியைத் தம் மொழியின் சாயலிற் பேசும் நிகழ்ச்சி மலையகத்தில் இருவழியாகவும் நடைபெற்றது. தோட்டத் துரைமாரும் தமிழ் பேசினர். அவர்களுக்கென 'இங்கே வா' என்ற தலைப்பில் ஒரு வழிகாட்டி நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. 1915இல் வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்று பெயரிட்டே ஒரு நூலை வெளியிட்டார். ஒரு மொழிக்கான கைந்நூலின் தலைப்பே ஏவல் வினைமுற்றாக அமைந்தமை தற்செயலன்று. துரைமார் கற்றது கட்டளையிடும் தமிழ். ஆங்கில ஒலியும் ஆங்கில வாக்கிய முறையும் கலந்த தமிழைத் துரை பேசியபோது பெரட்டுக்களத்தில் நின்ற எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதைவிட, துரையின் தமிழ் 'பிழை' எனப்படவில்லை. தொழிலாளியின் தமிழே 'கூலித் தமிழ்' எனப் பெயர் பெற்றது.

துரைமாரின் ஆங்கிலமும் தமிழால் உருமாறியது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தபாலும் அவர்களுடைய ஆங்கிலத்திற் புகுந்தன. ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றும் அரைநாட் சம்பளத்தை 'அரைப்பேர்' என்றும் தொழிலாளர் கூறுவர். இதனைத் துரைமார் அப்படியே 'ஹாஃப் நேம்' என ஆங்கிலமாக்கிக்கொண்டனர். ஆங்கில இலக்கணப்படி இத்தொடருக்கு அந்தப் பொருள் இல்லை. எனினும் தோட்ட நிர்வாகத்தின் மொழியில் அது நிலைபெற்றது. தொழிலாளியின் வயிற்றையும் நிர்ணயித்தது. எதிர்ப்புறத்தில் 'பரேட்' என்பது எம் வாயிற் 'பெரட்டு' ஆயிற்று. 'லைன்' 'லயம்' ஆயிற்று. 'கொன்ட்ராக்ட்' 'கொந்தரப்பு' ஆயிற்று. இரு மொழிகள் ஒரே மலையில் ஒன்றரை நூற்றாண்டு உரசிக்கொண்டமையின் தழும்புகள் இவை. இவற்றுள் ஒருபக்கத் தழும்பு நிர்வாகச் சொல்லாகவும் மறுபக்கத் தழும்பு நகைச்சுவையாகவும் கருதப்படுமாயின், அளவுகோல் இலக்கணமன்று, அதிகாரமே என்பது தெளிவு.

எமது நாட்டில் இவ்வளவுகோலுக்குப் பெயர்களும் உண்டு. 'நொட்', 'பொட்' என்ற சொற்களின் உயிரொலியை ஆங்கிலம் பேசும் நகரத்தார் ஒலிக்குமாறு ஒலிக்காதவரை 'நொட்பொட்' என்றே அழைத்து ஒதுக்குவது கொழும்பின் வழக்கம். பல்கலைக்கழகச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்று அழைத்தனர். அச்சொல்லைத் தலைப்பிற் கொண்டே மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் ஆங்கிலமும் அதிகாரமும் பற்றிய தம் கட்டுரையை எழுதினார். தரமொழி என்ற கருத்தின் பின்னே நிற்கும் ஆதிக்கத்தை அர்ஜுன பராக்கிரம 1995இல் ஒரு நூலாகவே ஆராய்ந்தார். யாழ்ப்பாண மாணவர்கள் ஆங்கிலத்தைத் தம் நோக்குக்கேற்ப எவ்வாறு வசப்படுத்துகின்றனர் என்பதை சுரேஷ் கனகராஜா 1999இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 2007இல் மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே தொகுத்தார். இத்தனைக்குப் பின்னும் எமது விடுதிகளிற் சிரிப்பு ஓயவில்லை. கொழும்பு மேட்டுக்குடியினர் தம் தாய்மொழியின் சாயலைக் கலந்து பேசினால் அது 'இலங்கை ஆங்கிலம்' என்ற மதிப்பைப் பெறுகின்றது. லயத்துப் பிள்ளை பேசினால் அது 'தோட்டத்து ஆங்கிலம்' என்ற வசையாகின்றது.

சிரிக்கும் தமிழ் நண்பர்களிடம் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த உங்கள் ஆங்கிலம் தமிழின் சாயலற்றதா? 'யூ ஆர் கமிங், நோ?' என்று நீங்கள் கேட்கும்போது அந்த 'நோ' எங்கிருந்து வந்தது? 'வாறீர்தானே' என்பதிலிருந்தன்றோ? உங்களுக்கும் எமக்கும் உள்ள வேறுபாடு தாய்மொழியில் இல்லை. ஆங்கிலம் கற்பித்த பாடசாலையில் உள்ளது.

அப்பாடசாலை வேறுபாட்டின் வரலாறும் மறக்கத்தக்கதன்று. 1945இல் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970கள் வரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், சில வகுப்புகள் என்ற நிலையில் ஆங்கிலம் கற்பதற்கு ஏது வழி? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு அரசாங்க உத்தியோகமும் அதற்கான ஆங்கிலமும் கனவாகவே இருந்தன. எங்கள் ஊரையே பாருங்கள். 1950இல் இயங்கத் தொடங்கிய லக்ஷபான மின்நிலையத்துக்கு நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தின் நீரே செல்கின்றது. 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையமும் எங்கள் ஊரில் இயங்குகின்றது. அம்மின்னொளியில் நகரத்துப் பிள்ளைகள் ஆங்கில நூல் படித்தனர். அந்நீர்த்தேக்கத்தைக் கண்ணெதிரே கண்டு வாழ்ந்த லயங்கள் பலவற்றுக்கு மின்னிணைப்பு வந்தது பல பத்தாண்டுகள் கழித்தே. குப்பி விளக்கிற் படித்தவர் உச்சரிப்பை மின்விளக்கிற் படித்தவர் எள்ளுதல் எவ்வகை நியாயம்?

இத்தகைய சூழலிலும் மலையகம் ஆங்கிலத்தில் எழுதியது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்திற் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தம் மக்களின் வாழ்வை 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதையாகவும், 1970இல் 'போர்ன் டு லேபர்' என்ற நூலாகவும் தந்தார். தொழிலாளர் வழக்குகளும் வாய்மொழிப் பாடல்களும் ஊறிய உள்ளத்திலிருந்தே அவர் ஆங்கிலம் பிறந்தது. ஒரு மக்களின் துயரத்தை உலகறியச் சொல்ல அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 'அவ்வாறாயின் பிழைகளையெல்லாம் திருத்தாது விட்டுவிடலாமா? பரீட்சையும் நேர்முகத் தேர்வும் உங்கள் நியாயத்தைக் கேட்குமா?' என்பர். ஆட்சேபம் வலுவுடையது, விடையும் உண்டு. பேச்சில் உள்ள தமிழ்ச் சாயல்களை இரண்டாகப் பிரித்துக் காணல் வேண்டும். 'இஸ்கூல்' என்று சொன்னால் எவருக்கும் பொருள் மயங்குவதில்லை. அதனைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் 'ஃபைல்' என்பது 'பைல்' ஆகிக் கோப்பு எது, குவியல் எது என்று விளங்காமற் போகுமாயின், அங்கே பயிற்சி அவசியம். எழுத்திலோ கட்டுப்பாடு இன்னும் கூடுதலாக வேண்டும். பெயருக்கு முன் நிற்கும் 'த' போன்ற சொல் தமிழில் இல்லை, பாரசீகத்திலும் இல்லை. அதனைப் பொறுமையாகக் கற்பித்தே ஆகவேண்டும். திருத்துதலை நாம் மறுக்கவில்லை. ஏளனம் திருத்தமாகாது என்றே கூறுகின்றோம். சிரிப்பினால் ஓர் உச்சரிப்பேனும் திருந்தியதில்லை. பேசியவர் மௌனமாவது மட்டுமே நிகழ்ந்துள்ளது. பேசாதவர் எந்த மொழியையும் கற்பதில்லை.

மறுமுனையில் நிற்போரையும் நாம் ஏற்பதற்கில்லை. 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 'ஆங்கிலத்தை எம் வழியிற் பேசுவோம்' என்ற முழக்கமும் அக்காலத்தில் எழுந்தது. முழக்கம் நல்லதே. ஆனால் தேர்ச்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைக்கு முழக்கத்தை மட்டும் அனுப்பினால் விளைவது என்ன? நகரத்துப் பிள்ளை தன் வழியிலும் பேசும், பிறர் வழியிலும் எழுதும். தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. 'உங்கள் ஆங்கிலமே அழகு' என்று முதுகில் தட்டிக்கொடுத்து, எழுத்தாங்கிலத்தின் கதவை அடைத்துவிடுதல் ஏளனத்தின் மற்றொரு வடிவமே.

ஆகவே வேண்டுவன மூன்று. முதலாவது, தோட்டப் பாடசாலைகளுக்குத் தமிழறிந்த ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாக்கியம் எங்கெங்கே வேறுபடுகின்றது எனக் காட்டக்கூடிய ஆசிரியர் ஒரு தவணையில் விளக்குவதை, தமிழறியாதவர் மூன்றாண்டு கண்டித்தும் விளக்கிவிட இயலாது. இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் கற்பித்தல் அலகுகள் முதலாம் ஆண்டு மாணவரின் பேச்சைத் திருத்தத் தொடங்குமுன் அம்மாணவரின் தாய்மொழியை அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, எமது தமிழ்ச் சங்கத்துக்குரியது. நன்னூலையும் தொல்காப்பியத்தையும் விழா மேடைகளிற் போற்றும் நாம், அவ்விலக்கணங்கள் வகுத்த விதிகள் எம் தோழர்களின் ஆங்கிலத்தினுள் உயிரோடு இயங்குவதைக் காணத் தவறலாகாது. மலையக மாணவரின் பேச்சைப் பதிவுசெய்து, எவ்வெவ்விடத்திற் தமிழ் எவ்வாறு தொழிற்படுகின்றது என வகைப்படுத்தும் ஒரு சிறு ஆய்வைச் சங்கம் அடுத்த ஆண்டிலேயே தொடங்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும்.

தமிழ்ப்பற்று என்பது தமிழில் எழுதப்பட்ட ஏடுகளைப் போற்றுவதோடு முடிவதன்று. ஒருவர் வேறொரு மொழியைப் பேச முயலும்போதும் அவருள் நின்று வழிநடத்தும் தமிழை அறிந்து மதித்தலும் அதனுள் அடங்கும். அம்மதிப்பு எமக்கு இல்லையாயின், நாம் சிரிப்பது தோட்டத்துத் தோழரின் ஆங்கிலத்தைப் பார்த்தன்று. எம் தாய்மொழியைப் பார்த்தே.